ஏழுமலையிடம் சொன்ன இரண்டு எண்கள்

இதயக் கருவி விற்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் எக்ஸ்ரேக்குக் காப்பாக ஈய ஏப்ரனைச் சுமந்துகொண்டு, ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் நின்ற முதுகு, இப்போது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்கச் சொன்னாலே முறைத்துக்கொள்கிறது. எழுத்தென்றால் சாய்ந்துகொண்டு எழுதலாம். உங்களுக்கும் வசதி. பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம், எனக்குத் தெரியப்போவதில்லை.

வயரை எப்படிப் பிடிப்பது, மெஷினில் எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களிடம் வீடியோ இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது அந்த வீடியோவில் வராத சங்கதி. இந்த வேலையில் நீங்கள் யார் பக்கம் என்று யாருக்கும் புரியாது. டாக்டருக்கு நீங்கள் கம்பெனி ஆள். கம்பெனிக்கு நீங்கள் டாக்டர் பக்கம் சாய்ந்துவிட்ட ஆள். மேசையில் படுத்திருப்பவருக்கோ நீங்கள் மெஷின் பக்கத்தில் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கும் யாரோ ஒருத்தி. எல்லோரும் நம்மைச் சந்தேகப்படுவார்கள். அதிலே வருத்தப்பட ஒன்றுமில்லை, பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் பிரஷர் வயர் என்றால் பாதி டாக்டர்களுக்கு வேடிக்கைப் பொருள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ படத்தில் கண்ணால் பார்த்தே முடிவு செய்து பழகியவர்கள். முடி கனத்தில் ஒரு கம்பி, அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார். அதை அடைப்பைத் தாண்டி நுழைத்து, அடைப்புக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், பின்னால் எவ்வளவு என்று ஒப்பிட்டால், அந்த அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்னால் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் பின்னாலும் வந்தால், ஸ்டென்ட் வேண்டாம். முக்காலுக்குக் கீழே போனால், வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கு அது.

எங்கள் கம்பெனி வயரும் விற்றது, ஸ்டென்டும் விற்றது. என் வயர் பல பேருக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்லியது. ஸ்டென்ட் பிரிவில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் மீட்டிங்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மேனேஜர் என்னைச் சுட்டிக்காட்டி, இந்தம்மா ஒரு ஆஸ்பத்திரிக்குள் போனால் நமக்கு இரண்டு ஸ்டென்ட் நஷ்டம் என்று எல்லோரும் சிரிக்கும்படி சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

ஏழுமலை என்பவர் அந்த நாட்களில்தான் வந்தார். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பஸ் ஓட்டுகிறவர். வீடு ஒக்கலிபுரம். காலை ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு நகரத்தைக் குறுக்கே கடந்து போய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மேம்பாலத்தில் ஏறும்போது நெஞ்சு கொஞ்சம் இறுகுகிறது என்று ஒருநாள் வாய்தவறித் தொழிற்சாலை டாக்டரிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆஞ்சியோ வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு சட்டம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், கேட்டிலோ கிடங்கிலோ போட்டுவிடுவார்கள். ஏழுமலைக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி சகுந்தலா என்னிடம் சொன்னார். லேப் வாசலில் போட்டிருந்த நாற்காலியில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வண்டி ஓட்டலைன்னா அந்த மனுஷன் அந்த மனுஷனாவே இருக்கமாட்டாரு என்று அவர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஆஞ்சியோ படத்தில் ஒரு ரத்தக்குழாயில் இடைப்பட்ட அடைப்பு. பாதி என்றும் சொல்லலாம், அதற்கு மேல் என்றும் சொல்லலாம். டாக்டர் மைசூர்க்காரர், நல்ல மனிதர், கோபக்காரர், வேலை தெரிந்தவர். கண்ணால் பார்த்து முடிவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனுடைய பிழைப்பு இதில் இருக்கிறது, வயரைப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று என்னைக் கூப்பிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வயர் உறையில் ஒருமுறை மட்டும் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த நாளில் ஊரெங்கும் அதைக் கழுவி, வாயு செலுத்தி ஸ்டெரிலைஸ் செய்து, இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் போடுவார்கள். யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. புது வயரின் விலையைக் கேட்டால் பாதிப் பேர் அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள். பழைய வயரை விட்டால் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் மிச்சம். கம்பெனி ஆளான நான் அந்தப் பழைய வயரைப் பார்க்காததுபோல் நிற்பேன், டாக்டரும் நான் பார்க்காததுபோல் எடுத்துக்கொள்வார். ஏழுமலைக்கும் அப்படி ஒரு வயர்தான் வந்தது.

மேசையில் படுத்தபடி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தமிழ் என்று வாசலிலேயே மனைவி சொல்லியிருக்க வேண்டும்.

"மேடம், இந்தக் கம்பிதான் சொல்லுமா?"

"ஆமாங்க. இதுதான் சொல்லும்."

"சரியாச் சொல்லுமில்ல?"

சொல்லும் என்றேன். அன்றாடம் சொல்கிற பதில்தான்.

இதயம்வரை செலுத்தியிருந்த கேத்தீட்டர் குழாயின் நுனியில் வயரை நிறுத்தி, இரண்டு அழுத்தத்தையும் சமப்படுத்தினோம். திரையில் இரண்டு கோடுகள், ஒன்று குழாயினுடையது, ஒன்று வயரினுடையது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. வயர் அடைப்பைத் தாண்டிப் போனது. ரத்த ஓட்டத்தை வேகமெடுக்க வைக்கும் மருந்தை ஏற்றினார்கள். நெஞ்சு கனக்கும், மூச்சு முட்டும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்படியும் ஏழுமலை பயந்துபோனார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கோடுகள் பிரிந்து, ஓரிடத்தில் நின்றன. பாயிண்ட் எயிட் ஒன். முக்காலுக்கு மேலே.

லேபில் இருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. ஏழுமலையின் தோளைத் தட்டி, "ஏனூ பேடப்பா, பஸ் ஓடிஸு" என்றார். ஏழுமலைக்குக் கன்னடம் தமிழளவுக்கு வரும். ஒன்றும் வேண்டாம், பஸ் ஓட்டு என்பதைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்து காதுப் பக்கம் வழிந்தது. துடைக்க முடியாமல் கைகள் மேலே போர்த்திய துணிக்குள் இருந்தன. நர்ஸ் துடைத்துவிட்டாள். ஆயாம்மா யாரும் சொல்லாமலேயே வெளியே ஓடிப்போய் சகுந்தலாவிடம் சொல்லிவிட்டு வந்தார். வெளியே அந்த அம்மா அழுவது உள்ளே கேட்டது.

டாக்டர் வயரை வெளியே இழுக்க ஆரம்பித்தார். அடுத்த நோயாளி காத்திருந்தார், நேராக இழுத்து எடுத்துவிடுவதாகத்தான் கை போய்க்கொண்டிருந்தது.

வயரைத் திரும்ப இழுக்கும்போது குழாய் நுனியில் ஒரு கணம் நிறுத்தி, இரண்டு கோடுகளும் மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றனவா என்று பார்க்க வேண்டும். படிந்தால் நடுவில் வந்த எண் உண்மை. படியாவிட்டால் வயரின் அளவு வழியிலேயே தடம் மாறிவிட்டது, எண் பொய். உங்கள் வீடியோவில் இதுவும் இருக்கும். ஆனால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் ஒரு அறையில், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்வது எப்படி என்று அதில் இருக்காது. கெட்ட எண் வந்தால் எல்லோரும் தாமாகவே சரிபார்ப்பார்கள். நல்ல எண் வந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை. அதிலும் அன்றைக்கு நல்ல செய்தியை நோயாளியிடம் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்காரம்மாவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கும் விட்டுவிடலாம் என்று இருந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. அந்த வயர் பழசு என்பது ஒன்றுதான் மனதில் குடைந்தது.

"சார், குழாய் நுனியில ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றேன்.

டாக்டர் கையை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். இரண்டு கோடும் ஒட்டுகிறதா பார்த்துவிடலாம் என்றேன். அறையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் நிறுத்தினார்.

ஒட்டவில்லை. வயரின் கோடு மற்றதற்கு மேலே, தனியாக, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வயர் உள்ளே இருந்தபோது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அந்தக் கூடுதலைக் கழித்தால் ஏழுமலையின் எண் முக்காலுக்குக் கீழே இறங்கிவிடும்.

டாக்டர் மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கூட்டிப்போனார். கழிப்பதும் ஒரு ஊகம்தானே, எப்போது தடம் மாறியது என்று உனக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். ஊகத்தை வைத்து அந்த ஆள் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கச் சொல்கிறாயா என்றார். இல்லை, ஊகத்தை வைத்து அவர் கையில் ஒரு பஸ்ஸைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன், மறுபடி அளப்போம் என்றேன். எதை வைத்து என்றார். என் பையில் பிரிக்காத புது வயர் ஒன்று இருந்தது, மறுநாள் வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்தது. அதை எடுத்து உறையைக் கிழித்துக் கொடுத்தேன். அந்த வயருக்குக் கணக்குக் கேட்டபோது கம்பெனியில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது பெரிய கதை, விடுங்கள்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டென்ட் விற்கும் கம்பெனியைச் சேர்ந்த பெண், வேண்டாம் என்று சொல்லியாகிவிட்ட நோயாளிக்கு, தன் பையிலிருந்தே வயரை எடுத்து நீட்டுகிறாள். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஏழுமலையிடம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். மருந்து மறுபடி ஏறியது, நெஞ்சு மறுபடி கனத்தது. இந்தத் தடவை பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் வந்தது. பாயிண்ட் செவன் ஒன். சொல்லாமலேயே டாக்டர் வயரைக் குழாய் நுனிக்கு இழுத்து நிறுத்தினார். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

டாக்டர்தான் சொன்னார். நன்றாகவே சொன்னார், மழுப்பவில்லை. முதலில் பார்த்தது தவறு, ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்றார். ஏழுமலை அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"மேடம், ரெண்டு கம்பில எது பொய் சொல்லுது?"

"முதல் கம்பிங்க."

"நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நம் தொழிலில் எதையும் நிச்சயம் என்று சொல்லப் பழக்க மாட்டார்கள். பெரும்பாலும், சாத்தியம் உண்டு, டாக்டரைக் கேளுங்கள் என்றெல்லாம் பேசத்தான் பழக்குவார்கள். அது நம்மைக் காப்பாற்றும். ஆனால் அந்த மனிதர் அப்போது நழுவலான ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு மேசையைவிட்டு எழுந்து போய்விடத் தயாராக இருந்தார். நான் கொஞ்சம் தயங்கியிருந்தாலும் போயிருப்பார். நான் கண்ணால் பார்த்தது நிச்சயம். இரண்டாவது கம்பியின் கோடு கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தது, முதல் கம்பியினது வரவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

"நிச்சயமாத் தெரியுங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, வைங்க சார் என்று கன்னடத்தில் டாக்டரிடம் சொன்னார். வெளியே போய் சகுந்தலாவிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வேலை நர்ஸுக்கு. நானும் கூடப் போனேன். அந்த அம்மா நர்ஸ் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்பத்தானே வேணாம்னு சொன்னீங்க?" என்றார். சொன்னது நானில்லை. அதை விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. எனக்கு அழுகை வந்தது, முகமூடியை இன்னும் ஏற்றிக்கொண்டேன்.

ஸ்டென்ட் நல்லபடியாக அமைந்தது. அந்த வாரம் மீட்டிங்கில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வேண்டாம் என்றவருக்கே வைக்க வைத்துவிட்டாள், இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய வசவுகள் எல்லாம் எப்போதோ மறந்துவிட்டன. அந்தக் கைதட்டல் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் அதன் பிறகு என்னிடம் முன்பு மாதிரி சகஜமாகப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் லேபில் வயர் குழாய் நுனிக்குத் திரும்பி வந்து கோடுகள் ஒட்டும்வரை எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. நோயாளியிடம் மட்டுமல்ல, ஒருவருக்கொருவர்கூட. நீங்களும் அப்படியே செய்யுங்கள். வயர் தடம் மாறியதால் ஏழுமலைக்கு வலித்ததைவிட, நல்ல செய்தியைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கியதால் வலித்ததுதான் அதிகம். மருந்தும் மெஷினும் செய்த காயமில்லை அது. அவசரப்பட்டு அவரைச் சந்தோஷப்படுத்தினோம், அதனால் வந்தது.

ஏழுமலையின் கதையால் அந்தத் தொழிற்சாலை டாக்டருக்கு இதய விஷயத்தில் அக்கறை கூடியது. தொழிலாளர்களுக்கு அவ்வப்போது இசிஜி முகாம் நடத்தித் தரும்படி எங்கள் கம்பெனியைக் கேட்டார். என்னைத்தான் அனுப்பினார்கள். முதல் முறை போனபோது ஆட்டோவிலிருந்து மெஷினை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், கேட்டில் நீலச் சட்டையும் விசிலுமாக ஏழுமலை நிற்கிறார். மறந்திருப்பார், முகமூடியில்தானே பார்த்தார் என்று நினைத்தேன்.

"வாங்க மேடம்" என்றார்.

எப்படி இருக்கீங்க என்றேன். நெஞ்சில் ஒன்றுமில்லை, படியேறினால்கூட ஒன்றும் தெரிவதில்லை, மாத்திரை தவறாமல் போடுகிறேன் என்றார். சகுந்தலா நன்றாக இருக்கிறார், ஒக்கலிபுரத்தில்தான் வீடு, இப்போது அந்த பஸ்ஸிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்கு வருகிறேன் என்றார். இதைச் சொல்லும்போது சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்குள் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏழுமலை போய் கேட்டைத் திறந்துவிட்டார். ஜன்னலோரத்தில் பெண்கள் பேசிக்கொண்டும் தூங்கி வழிந்துகொண்டும் உள்ளே போனார்கள். ஓட்டிக்கொண்டு போனவர் புது ஆள், வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்பினார். ஏழுமலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

அப்போது அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மேம்பாலத்தில் ஏறும்போது என்னவாகியிருக்கும் தெரியுமா என்று சொல்லலாம். ஆனால் என்னவாகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகாமல் ஓய்வு பெறும்வரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கவும் கூடும். எண் சொல்வது அபாயத்தைத்தான், நாளையை இல்லை. நாம் தடுத்த விபத்து நடக்காமலே போய்விடுகிறது, நாம் பறித்த வேலை மட்டும் கண்ணெதிரே விசிலோடு நிற்கிறது. நம் தொழிலில் சரியாக வேலை செய்ததற்குக் கிடைக்கும் கூலி பல சமயம் இதுதான். என்னால் மாற்ற முடியவில்லை. உங்களாலும் முடியாது. கோடு ஒட்டவில்லையென்றால் நிறுத்தச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏழுமலையே பேசினார். குரலில் கோபமில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க செஞ்சது சரிதான். அத்தினி பொண்ணுங்கள வச்சி ஓட்டற வண்டி, எனக்குத் தெரியாதா. என் வீட்டுக்காரியும் நீங்க நல்லா இருக்கணும்னுதான் சொல்றா. ஆனா உங்களப் பார்த்தா, அன்னிக்கு மேசையில கொஞ்ச நேரம் சந்தோஷமா படுத்திருந்தேன் பாருங்க, அதுதான் ஞாபகத்துக்கு வருது. அதத்தான் தாங்க முடியல."

நான் குனிந்து மெஷினின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"பின்னாடி லாரி வர்ற கேட்டு ஒண்ணு இருக்குது. அடுத்த தபா அந்த வழியா வாங்க மேடம்."

சரிங்க என்றேன். அந்த முகாம் பல வருடம் நடந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டோக்காரரிடம் பின் கேட்டுக்குப் போகச் சொல்லி, லாரிகளுக்கு நடுவே இறங்கி, மெஷினைத் தூக்கிக்கொண்டு கிடங்கைச் சுற்றி நடந்து போனேன். அவர் என்னிடம் கேட்டவற்றில் என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.